மூன்றாவது ஆள் இல்லாத பாறை

முதலே சொல்லிவிடுகிறோம். இதில் படத்தின் கதை கடைசிக் காட்சி வரைக்கும் வரும். பார்க்காத ஆக்கள் பார்த்துப்போட்டு வாங்கோ. தேடும்போது கவனம், ‘த லைட்ஹவுஸ்’ என்ற பெயரில் 2016 இல் கிறிஸ் குரோ எடுத்த படம் ஒன்றும் இருக்கிறது. நாங்கள் கதைக்கப்போவது 2019 இல் றொபேர்ட் எகர்ஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி. வில்லெம் டஃபோவும் றொபேர்ட் பட்டின்சனும் ஒரு பாறையில் மாட்டுப்படுகிற படம்.

நாங்கள் அதை முதல்முதல் பார்த்தது 2020 இல், ஊரடங்கு போட்டு ஆளாளுக்கு வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த நாட்களில். ஆறு பேர், ஆறு வீடு, ஒரே நேரத்தில் படத்தை ஓடவிட்டு, பக்கத்தில் ஃபோனில் குறூப் கோல். தொடங்கி ஒரு நிமிசத்துக்குள்ளேயே ஒருத்தன் “என்ர கொப்பி பிழை, படம் சதுரமாத் தெரியுது” என்றான். எல்லாருடையதும் சதுரமாகத்தான் தெரிந்தது. படத்தின் சட்டகமே அப்படித்தான், 1.19:1. பேசும்படங்கள் வரத் தொடங்கிய காலத்து அளவு. அரைவாசியில் ஒருத்தி நித்திரையாகிப் போனாள். முடிந்ததும் மிச்ச ஐந்து பேரும் சேர்ந்து எடுத்த முடிவு: தனிமை மனுசனைப் பைத்தியமாக்கும், இது அதைப் பற்றின படம். அந்த நேரம் எங்களுக்கு அது போதுமாய் இருந்தது. நாங்களும் வீட்டுக்குள் அடைபட்டுத்தானே கிடந்தோம்.

இப்போது அந்த முடிவு பிழை என்று நினைக்கிறோம்.

மாற்றினது ஒரு நண்பன். வளைகுடா நாடொன்றில் மூன்று வருசம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்திருந்தான். பட்டணத்திலிருந்து வெகுதூரத்தில், மணலுக்கு நடுவில் ஒரு சாமான் கொட்டில். காவலுக்கு அவனும் ஒரு சுப்பர்வைசரும் மட்டும். அவனோடு சேர்ந்து இரண்டாந்தரம் பார்த்தோம். நாங்கள் கடற்கன்னி வருகிற காட்சியைக் காட்டி “இதுதான் அவன்ர தலைக்குள்ள நடக்கிறது” என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க, அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்: “அதை விடு. அந்தக் கிழவன் புத்தகத்தில என்ன எழுதுறான் எண்டு பார்.”

அந்த வசனத்துக்குப் பிறகு நாங்கள் பார்த்தது வேறு படம்.

கதை 1890களில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கடலில் நடக்கிறது. ஒரு பாறைத் தீவு, அதில் ஒரு வெளிச்சவீடு. நாலு கிழமை வேலைக்காக இரண்டு பேர் வந்து இறங்குகிறார்கள். தோமஸ் வேக் வயது போன பழைய மாலுமி, காலை இழுத்து நடப்பவர். எஃப்ரைம் வின்ஸ்லோ இளம் பெடியன், முன்பு கனடாவில் மரம் தறித்தவன். ஏன் இங்கே வந்தாய் என்று வேக் கேட்கும்போது அவன் சொல்கிற காரணம் சாதாரணமானது. கரையிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு கூடச் சம்பளம். காசு சேர்த்து, எங்காவது சொந்தமாக ஒரு வீடு கட்டி, ஒருத்தரும் தனக்குக் கட்டளை போடாமல் இருக்கவேண்டும். இந்த இடத்தில் எங்கள் நண்பன் ஒரு சிரிப்புச் சிரித்தான். விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு வேலை. எகர்ஸ் இதைக் காட்டுகிற விதத்தில் அவசரமே இல்லை. நிலக்கரியை மழைக்குள்ளால் தள்ளுவண்டியில் இழுக்கிறான். தண்ணித் தொட்டி சுத்தமாக்குகிறான். நிலம் தேய்க்கிறான். தேய்த்தது காணாது என்று திருப்பித் தேய்க்கவேணும். கோபுரத்துக்கு வெள்ளையடிக்கக் கயிற்றில் தொங்குகிறான். மூத்திரச் சட்டியைக் கொண்டுபோய் ஊத்தினால் காற்று அதை அவன்ர முகத்திலேயே திருப்பி அடிக்கிறது. பனிமூட்டத்துக்கு ஊதுகிற சங்கு ஒரு மாட்டின் அலறல் மாதிரி நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. படம் 109 நிமிசம். அதில் பேய் வருகிற நேரத்தைவிட வேலை செய்கிற நேரம் கூட என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

வேக் செய்வது ஒரே ஒரு வேலை. இரவில் மேலே போய் விளக்கைப் பார்ப்பது. அந்த அறையின் திறப்பு அவரிடம். விதிகள் அச்சடித்த புத்தகத்தை வாசித்துவிட்டு வந்த வின்ஸ்லோ, மாறி மாறித்தானே விளக்குப் பார்க்கவேணும் என்று கேட்கிறான். விளக்கு என்னுடையது என்கிறார் வேக். அவ்வளவுதான். கரையில் அச்சடித்த விதிக்குப் பாறையில் மரியாதை இல்லை. அங்கே இருக்கிற புத்தகம் இன்னொன்று, வேக் தினமும் எழுதுகிற பதிவுப் புத்தகம். அதுவும் பூட்டுக்குள். பெடியனுக்குப் பெயரும் இல்லை. “பெடியன், பெடியன்” என்றுதான் கூப்பாடு. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கோ என்று அவன் கேட்கவேண்டி வருகிறது. ஆனால் அவன் மட்டும் ஒவ்வொரு கட்டளைக்கும் “ஓம் சேர்” சொல்லவேணும்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதையெல்லாம் தாண்டி நேரே கடற்கன்னிக்கும் கிரேக்கப் புராணத்துக்கும் போய்விடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். எகர்ஸ் அதற்குத் தீனியும் நிறையப் போட்டிருக்கிறார். மெத்தைக்குள் ஒளித்து வைத்த கடற்கன்னிச் சிலை, ஒற்றைக்கண் கடற்காகம், கடற்பறவையைக் கொன்றால் கேடு என்கிற மாலுமி நம்பிக்கை, எல்லாம் இருக்கிறது. வின்ஸ்லோ ஆத்திரத்தில் அந்தப் பறவையைத் தொட்டியில் அடித்துக் கொல்கிறான். அன்றைக்கே காற்றுத் திசை மாறுகிறது. புயல் வருகிறது. கூட்டிப்போக வரவேண்டிய படகு வரவில்லை.

படகு வராததற்குப் பிறகுதான் பயம் தொடங்குகிறது. ஆனால் என்ன பயம்? சாப்பாடு முடிவதோ கடல் பொங்குவதோ அல்ல. ஒரு நாள்தானே பிந்தியிருக்கிறது என்று வின்ஸ்லோ நினைக்கிறான். இல்லை, கிழமைக்கணக்காகிவிட்டது என்கிறார் வேக். யார் சொல்வது சரி? பாறையில் கலண்டர் இல்லை. நாள் கணக்கு வேக்கின் வாயிலும் புத்தகத்திலும் மட்டும்தான் இருக்கிறது. அவசரத்துக்கென்று புதைத்து வைத்த பெட்டியைத் தோண்டினால் உள்ளே சாராயப் போத்தல்கள். அதையும் குடித்து முடித்தபின் குடிக்கக்கூடாததில் தேன் கலந்து குடிக்கிறார்கள்.

இனி அந்தக் காட்சிக்கு வருகிறோம். இதற்காகவே இந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கலாம்.

குடிவெறியில் வின்ஸ்லோ தன் இரகசியத்தைக் கொட்டிவிடுகிறான். அவன்ர உண்மைப் பெயர் தோமஸ் ஹவார்ட். வின்ஸ்லோ என்பது கனடாவில் அவனுக்கு மேலே இருந்தவரின் பெயர். ஆற்றில் மரக்குற்றிகளை மிதக்கவிடுகிற வேலையில் அந்த மனுசன் விழுந்தபோது, இவன் காப்பாற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு செத்தவரின் பெயரை எடுத்துக்கொண்டு புது வாழ்க்கை தேடி வந்தான். சொல்லி முடித்ததும் அவனுக்குப் பயம் பிடிக்கிறது. தப்பி ஓட, சின்ன வள்ளத்தைத் தண்ணிக்குள் இழுக்கிறான். வேக் கோடாலியோடு ஓடிவந்து வள்ளத்தைக் கொத்திப் பிளக்கிறார். பெடியனைத் துரத்துகிறார். இதை நாங்கள் கண்ணால் கண்டோம். ஒரு மறைப்பும் இல்லாமல் கமெரா காட்டியது.

அடுத்த சில நிமிசங்களில், வீட்டுக்குள் வைத்து, வேக் அமைதியாகச் சொல்கிறார்: கோடாலியோடு துரத்தியது நீ. வள்ளத்தை உடைத்ததும் நீ.

முதல் தரம் பார்க்கும்போது ஃபோனில் ஒரு நிமிசம் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு ஒருத்தி “பொறு, ஆர் உடைச்சது?” என்றாள். பின்னுக்கு இழுத்துப் பார்த்தோம். வேக்தான். ஆனால் கண்ணால் கண்ட எங்களுக்கே அந்தச் சந்தேகம் வந்ததா இல்லையா? அதுதான் படம். இரண்டு பேர் மட்டும் இருக்கிற இடத்தில், உறுதியான குரலில் சொல்கிறவன் சொன்னதுதான் நடந்தது. மற்றவன் தன் கண்ணை நம்பமுடியாமல் போகிறான். பிறகு எவ்வளவு நாள் ஆனது, தான் எங்கே இருக்கிறேன், எதிரே இருப்பவன் யார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது.

ஆக, தனிமை என்று நாங்கள் 2020 இல் சொன்னது சரியான சொல் இல்லை. வின்ஸ்லோ தனியாக இல்லை. அவனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் எப்போதும் இருக்கிறார், குறட்டை விட்டுக்கொண்டும் காற்றுப் பிரித்துக்கொண்டும். அங்கே இல்லாதது மூன்றாவது ஆள். “இல்லை, நானும் பார்த்தனான், இப்பிடித்தான் நடந்தது” என்று சொல்ல ஒரு ஆள்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. எகர்ஸ் சகோதரர்கள் கதை எழுதும்போது கையில் எடுத்த உண்மைச் சம்பவத்திலேயே இது இருக்கிறது. 1801 இல், வேல்ஸ் கரைக்கு அப்பால் ஸ்மோல்ஸ் என்ற பாறையில் மரத்தூண்களின் மேல் நின்ற ஒரு வெளிச்சவீட்டில் இரண்டு காவலாளிகள். தோமஸ் ஹவல், தோமஸ் கிரிஃபித். இரண்டு பேருக்கும் ஒரே பெயர். படத்திலும் கடைசியில் இரண்டு தோமஸ்தான் மிஞ்சுகிறார்கள். இவர்கள் கரையில் எல்லாரும் பார்க்கச் சண்டை பிடிக்கிற ஆக்கள். கிரிஃபித் அங்கேயே செத்துப்போனார். உடலைக் கடலில் போட்டால், நீதான் கொன்றாய் என்று சொல்லுவார்கள் என ஹவலுக்குப் பயம். பலகைகளைக் கழற்றி ஒரு பெட்டி செய்து, உடலை அதற்குள் வைத்து வெளியே கட்டிவைத்தார். புயல் பெட்டியை உடைத்தது. செத்தவரின் கை வெளியே தொங்கி, காற்றுக்கு அசைந்து, கூப்பிடுகிற மாதிரி நின்றது. ஹவல் அதைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு இரவும் விளக்கைக் கொளுத்தினார். விளக்கு எரிந்தபடியால், கடந்து போன கப்பல்காரர் அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துப் போனார்கள். ஆளைக் கடைசியில் கரைக்குக் கொண்டுவந்தபோது கூட்டாளிகளுக்கே அடையாளம் தெரியவில்லையாம்.

அதற்குப் பிறகு அங்கே ஒரு விதி வந்தது. வெளிச்சவீட்டில் இனி இரண்டு பேர் அல்ல, மூன்று பேர். தானியங்கி விளக்குகள் வரும்வரைக்கும் அது நடைமுறையில் இருந்தது. யோசித்துப் பாருங்கோ, வேலைக்கு இரண்டு பேர் காணும். மூன்றாவது ஆளுக்கும் சம்பளம் கொடுக்கச் சம்மதித்தது அவன் தூக்குகிற நிலக்கரிக்காக இல்லை.

சாட்சி இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று எங்கட சனத்துக்கு ஒருத்தரும் படம் எடுத்துக் காட்டத் தேவையில்லை. 2008 செப்டெம்பரில் ஐ.நா. ஆக்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது, போகாதையுங்கோ என்று வாசலில் நின்று கேட்ட சனம் அரிசியை மட்டும் கேட்கவில்லை. இதை இதற்குமேல் இழுக்க விரும்பவில்லை. படம் வேறு, அது வேறு. ஆனால் இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது ஞாபகத்துக்கு வராமல் விடவில்லை.

சரி, புத்தகத்துக்கு வருவோம். கடைசிப் புயலில் வீட்டுக்குள் கடல் புகுந்து, பூட்டி வைத்த பதிவுப் புத்தகம் தண்ணியில் மிதக்கிறது. வின்ஸ்லோ எடுத்து வாசிக்கிறான். ஒவ்வொரு நாளும் அவனைப் பற்றிக் குற்றம். குடிகாரன், கள்ளன், வேலை தெரியாதவன். கடைசிப் பரிந்துரை: சம்பளம் கொடுக்காமல் நிற்பாட்டவும். இத்தனை நாளும் சுமந்த நிலக்கரிக்கு ஒரு சதமும் இல்லை. கடற்கன்னியைப் பார்த்துக் கத்தினபோது வராத பயம் எங்களுக்கு இந்த இடத்தில் வந்தது. எங்கள் நண்பன் எழும்பி வெளியே போய்ச் சிகரெட் ஒன்று பத்திவிட்டு வந்தான்.

அவனுடைய கதை சின்னக் கதைதான். மூன்று வருசமும் மேலதிக நேரம் எழுதுகிற தாள் சுப்பர்வைசரின் கையில். முடிந்து வரும்போது கணக்குப் பார்த்தால் பாதி நேரம் தாளில் இல்லை. அலுவலகத்தில் கேட்டபோது அவர்கள் கத்தவும் இல்லை, மிரட்டவும் இல்லை. நீர் வேலை செய்ததைப் பார்த்த ஆள் யார் என்று மட்டும் கேட்டார்கள். பார்த்த ஆள் அந்தச் சுப்பர்வைசர்.

இணையத்தில் இந்தப் படத்துக்குப் பிரபலமான ஒரு விளக்கம் உண்டு: வேக் என்று ஒருவர் இல்லவே இல்லை, இரண்டு தோமசும் ஒரே ஆள்தான், எல்லாம் வின்ஸ்லோவின் மண்டைக்குள் நடக்கிறது. கெட்டிக்காரத்தனமான விளக்கம்தான். எங்களுக்கு அதில் கோபம் வருகிறது. முதலாளியைக் கற்பனை ஆக்கிவிட்டால் சம்பளப் பாக்கியும் கற்பனை ஆகிவிடும். கஷ்டப்படுகிறவனுக்கு “உனக்குத்தான் மண்டை பிழை” என்று சொல்கிற பழக்கம் இந்தப் படத்தில் வேக்கிடம் இருக்கிறது. பார்க்கிற நாங்களும் அதைச் செய்யத் தேவையில்லை.

இதனால் வின்ஸ்லோ ஒரு பாவப்பட்ட பெடியன் என்றும் எடுத்துவிடக்கூடாது. ஆற்றில் ஒரு மனுசன் சாகப் பார்த்துக்கொண்டு நின்றபோது அங்கேயும் மூன்றாவது ஆள் இல்லை. அன்றைக்கு அது அவனுக்கு வசதியாய் இருந்தது. ஒரு பெயரையே திருட முடிந்தது. அதே வெறுமைதான் பாறையில் அவனைத் தின்கிறது. கடைசியில் அவன் வேக்கை நாய் மாதிரிக் கயிறு கட்டி இழுத்துப்போய் உயிரோடு குழியில் போட்டு மண் அள்ளிக் கொட்டுகிறான். திறப்பை எடுக்கிறான். கிழவர் எழும்பி வந்து கோடாலியால் தாக்க, அதே கோடாலியால் அவரைக் கொல்கிறான். மேலே ஏறிப்போய் விளக்கைத் திறந்து பார்க்கிறான். என்ன கண்டான் என்று எங்களுக்குக் காட்டப்படுவதில்லை. அலறுகிறான், படிகளில் விழுகிறான், பிறகு பாறையில் கிடக்கும் அவன்ர குடலைக் கடற்காகங்கள் கொத்துகின்றன. நெருப்பைத் திருடிய புரோமித்தியஸ் என்று பலரும் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு இந்த முடிவு கொஞ்சம் பாரம் கூடினதாகத்தான் பட்டது. அவ்வளவு நேரமும் மூத்திரமும் நிலக்கரியுமாக இருந்த படம், திடீரென்று ஒரு ஓவியத்துக்குப் போஸ் கொடுக்கிற மாதிரி. கடற்கன்னி விசயத்திலும் எங்களுக்குள் பெண் பிள்ளைகளுக்கு முறைப்பாடு உண்டு. முழுப் படத்திலும் பெண் என்று வருவது ஆம்பிளையின் கனவில் வருகிற அந்த உடம்பு மட்டும்தான். இரண்டு ஆம்பிளைகளின் கதை என்று சொல்லித் தப்பலாம். தப்பட்டும்.

இவ்வளவு சொன்னதால் இது சிரிப்பே இல்லாத படம் என்று பயப்படவேண்டாம். வேக் சமைக்கிற சிங்கிறால் தனக்குப் பிடிக்காது என்று வின்ஸ்லோ சொல்கிற இடத்தில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கிழவருக்கு மனம் நொந்துபோய்விடும். நிமிர்ந்து நின்று, கண் இமைக்காமல், கடல் தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு சாபம் போடுவார். எங்கட ஊர்க் கிழவிகள் நடுச்சந்தியில் மண் அள்ளி எறிந்து திட்டுகிற திட்டெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது. சாபம் முடிந்ததும் பெடியன் ஒரு வரி சொல்வான்: சரி சரி, உங்கட சமையல் நல்லம். அவர்களின் பழைய மாலுமி ஆங்கிலம் எங்களுக்கு அரைவாசி விளங்கவில்லை. உபதலைப்புப் போட்டுப் பாருங்கோ, அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஜெரின் பிளாஷ்கேயின் ஒளிப்பதிவுக்கு ஒஸ்கார் பரிந்துரை கிடைத்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், கேப் ஃபோர்ச்சு என்ற கரையில், 70 அடி உயரத்துக்குக் கோபுரத்தையே புதிதாகக் கட்டித்தான் எடுத்திருக்கிறார்கள். பழைய கால லென்ஸ், விசேட ஃபில்ட்டர் எல்லாம் போட்டு, முகத்தோலின் ஒவ்வொரு துவாரமும் அழுக்கும் தெரிகிற கறுப்பு வெள்ளை. எங்களுக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது நாங்கள் கொப்பி பிழை என்று நினைத்த அந்தச் சதுரம்தான். சாப்பாட்டு மேசையில் இரண்டு முகங்களும் ஒரு விளக்கும் வந்தால் சட்டகம் நிரம்பிவிடும். இன்னொரு ஆளுக்கு அதற்குள் இடமே இல்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்க, நண்பன் தன் ஃபோனில் ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினான். அந்த மேலதிக நேரத் தாளின் ஒரு பக்கம். சுப்பர்வைசர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் களவாக எடுத்தது. கை நடுங்கினதில் ஓரம் மங்கலாக இருந்தது, ஆனால் திகதிகள் தெரிந்தன, கையெழுத்தும் தெரிந்தது. ஒருத்தியிடம் கொடுத்துப் பெரிதாக்கி வாசிக்கச் சொன்னான். அவள் ஒவ்வொரு நாளாக வாசித்தாள். அவன் அந்தந்த நாளில் உண்மையில் எத்தனை மணித்தியாலம் நின்றது என்று சொல்ல, இன்னொருத்தன் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தான்.